ஓடிபி வருகிற நம்பர் உன் கையில் இருக்கணும், தாயி!

பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் இருக்கிற கூமாபட்டி, 2025-ல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் மூலமாகத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துபோனது. அதற்கப்புறம் வத்திராயிருப்பு, கான்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் தொடங்கி வியாபாரம் பார்க்கிறார்கள். பால்கோவா, நைட்டி, மாம்பழம், தேங்காய் எண்ணெய் என்று வீட்டிலிருந்தே விற்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. “அக்கா, சொந்த நம்பரைக் கொடுக்காமலே ஓடிபி வாங்குறதுக்கு இன்டர்நெட்ல நம்பர் கிடைக்குதாமே, அதைப் போட்டு அக்கவுண்ட் தொடங்கட்டுமா?”

வேண்டாம். முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் நீ ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். கண்டவனும் ராத்திரி பதினொரு மணிக்கு “ஹாய்” போடுகிறான் என்பதால் கேட்கிறாய். வீட்டில் டவர் கிடைக்காமல் ஓடிபி வராததால் கேட்கிறாய். கடைக்குத் தனி வாட்ஸ்அப் வேண்டும் என்று கேட்கிறாய். மூன்றும் நியாயமான தேவைதான், அதற்காக நீ எடுக்கிற வழிதான் தப்பு. ஒவ்வொன்றுக்கும் சரியான குறுக்குவழி இருக்கிறது. அடுப்பில் பால் பொங்குவதற்குள் படித்துவிடலாம், வா.

இன்டர்நெட் நம்பர் என்றால் என்ன?

1. இலவசப் பொது நம்பர். இதற்கென்றே இணையப் பக்கங்கள் இருக்கின்றன. திறந்தால் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா என்று வரிசையாக நம்பர்கள். ஒன்றைத் தொட்டால் அதற்கு வந்த எஸ்எம்எஸ் எல்லாம் மேலிருந்து கீழே ஓடும். “உங்கள் குறியீடு இது, யாரிடமும் சொல்லாதீர்கள்” என்ற செய்தி, பக்கத்திலேயே “2 நிமிடம் முன்” என்று நேரம், அதற்குக் கீழே இன்னொருவருக்கு வந்த குறியீடு. யாரிடமும் சொல்லாதே என்று வந்த எண் ஊருக்கே தெரிகிறது. உனக்கு வருவதையும் அப்படித்தான் எல்லாரும் பார்ப்பார்கள். பாஸ்வேர்டு கூட வேண்டாம், பக்கத்தைத் திறந்தால் போதும்.

2. வாடகை நம்பர். காசு கட்டினால் சில நிமிடத்துக்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள். ஓடிபி வந்ததும் உன் வேலை முடிந்தது, நம்பர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் அதே நம்பரைப் போட்டு “பாஸ்வேர்டு மறந்துவிட்டது” என்று தட்டினால் புதுக் குறியீடு அவளுக்குத்தான் வரும். உன் கணக்கைத் திறக்க அவளுக்கு அது போதும். வாடகை நம்பர் என்பது வீட்டுச் சாவியை முகம் தெரியாத ஆளிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போவது மாதிரி. இன்றைக்குத் திருட்டுப் போகவில்லை என்பதால் நாளைக்கும் போகாது என்று இல்லை.

3. முறையான இன்டர்நெட் நம்பர். அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்குக் கூகுள் வாய்ஸ் என்று ஒன்று 2009-லிருந்து இருக்கிறது. டெக்ஸ்ட்நவ் மாதிரி ஆப்களும் உண்டு. நம்பர் அவரவர் கணக்கோடு இருக்கும், எஸ்எம்எஸ் அவரவருக்கு மட்டும் வரும். அங்கே இருக்கிற அண்ணனோ அக்காவோ விளம்பரத்துக்கும் கூரியருக்கும் கொடுக்க வைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் பல நாள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் நம்பரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதனால் பேங்குக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று அவர்களிடமும் சொல்.

இதற்கெல்லாம் கூடவே கூடாது

4. பணம் புழங்குகிற எதற்கும் வேண்டாம். நெட்டில் கார்டு போட்டு வாங்கும்போது கார்டு விவரத்தோடு இன்னொரு உறுதியும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கட்டாயமாக்கியது. அந்த இன்னொரு பூட்டுதான் நமக்கு ஓடிபியாகப் பழகிப்போனது. அது வருகிற நம்பரை நீயே அடுத்தவரிடம் கொடுத்தால் பூட்டுப் போட்டு என்ன பயன்?

   யுபிஐயில் இந்த வித்தை நடக்கவும் நடக்காது. போன்பே, கூகுள் பே பதிவு செய்யும்போது உன் போனிலிருந்துதான் ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும். பேங்கில் கொடுத்த சிம் அந்தப் போனுக்குள் இருந்தால்தான் வேலை முடியும். இணையத்தில் தெரிகிற நம்பரால் அது முடியாது.

5. அரசாங்க வேலைக்கும் வேண்டாம். ஆதார், டிஜிலாக்கர், பிஎஃப், ரேஷன் கார்டு இணையச் சேவை எல்லாமே பதிவான மொபைலைத்தான் கேட்கும். ரயிலில் தட்கல் டிக்கெட் போடவும் 2025 ஜூலையிலிருந்து ஆதார் உறுதி செய்த கணக்கு வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிற தம்பி வாசலில் நின்று குறியீடு கேட்கிறானே, அதுவும் பதிவு செய்த நம்பருக்குத்தான் வரும். ஆதாரில் பழைய நம்பர் இருந்தால் முதலில் ஆதார் சேவை மையத்துக்குப் போய் மாற்று. கட்டணம் கொஞ்சம்தான், அலைச்சல் மிச்சம்.

6. வாட்ஸ்அப், டெலிகிராமுக்கும் வேண்டாம். “சும்மா சாட்டிங்தானே அக்கா” என்று சொல்லாதே. உன் வாட்ஸ்அப் இன்னொருத்தர் கைக்குப் போனால் உன் பெயரையும் போட்டோவையும் வைத்து உன் சித்தியிடமே “அவசரமா ஐயாயிரம் அனுப்பு” என்று கேட்பார்கள். அவரும் நீதான் என்று நம்பி அனுப்பிவிடுவார்.

   இன்னொன்று, 2025 நவம்பர் 28-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. பதிவு செய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே வாட்ஸ்அப், டெலிகிராம் மாதிரி ஆப்கள் ஓட வேண்டும் என்பது அதன் சாரம். வாடகை நம்பரில் உட்கார்ந்திருக்கும் கணக்கு என்றைக்கு நின்றுபோகும் என்று பயந்துகொண்டே வியாபாரம் பண்ணாதே.

7. பாதி நேரம் அது வேலையே செய்யாது. எந்த நம்பர் மொபைல் கம்பெனியுடையது, எது இன்டர்நெட் வழி ஓடுவது என்று பெரிய ஆப்கள் எண் வரிசையை வைத்தே கண்டுபிடித்துவிடும். “இந்த எண்ணைப் பயன்படுத்த முடியாது” என்று திருப்பி அனுப்பும். நீ இன்னொரு நம்பர் வாங்குவாய், அதுவும் போகும். காசும் போய், பகல் பொழுதும் போய், கடைசியில் சொந்த நம்பரைத்தான் போடுவாய்.

8. +91 நம்பர் வாடகைக்கு என்றால் பக்கத்திலேயே போகாதே. இந்தியாவில் அடையாளச் சான்று கொடுக்காமல் மொபைல் நம்பர் கிடையாது. சிம் விற்கிற கடைக்காரரே 2023 டிசம்பர் 1 முதல் பதிவு செய்தாக வேண்டும். அப்படி இருக்க, யாரோ ஒருவன் ஆப்பில் நூற்றுக்கணக்கில் வைத்து விற்கிறான் என்றால், அது யார் பெயரில் எடுத்த சிம் என்று நீயே யோசி. ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் எடுத்தால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தக் கூட்டத்தோடு உன் பெயர் ஒட்டவே கூடாது.

உன் தேவைக்கு உருப்படியான வழி

9. கடைக்குத் தனி நம்பர் வேண்டுமா? இரண்டாவது சிம் போடு. உன் ஆதாரைக் கொடுத்து உன் பெயரிலேயே வாங்கு. இப்போது பெரும்பாலான போன்களில் இரண்டு சிம் இடம் இருக்கிறது. பால்கோவா டப்பா ஸ்டிக்கரில் இந்த நம்பரை அச்சடி. பேங்க், ஆதார் நம்பரை எந்த ஸ்டிக்கரிலும் போடாதே. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடைச் சிம்மையும் கடை வாட்ஸ்அப் அறிவிப்பையும் செட்டிங்ஸில் அணைத்துவிடு. “ஹாய்” போடுகிறவன் போட்டுக்கொண்டே கிடக்கட்டும்.

   செலவைப் பற்றிக் கவலையா? டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது. கடையில் போய் “டேட்டா வேண்டாம், நாள் அதிகமா இருக்கிற பேக் குடுங்க” என்று கேள். அவர்களாக எடுத்துக் காட்ட மாட்டார்கள், நீதான் வாய் திறந்து கேட்கணும்.

10. ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் வேண்டுமா? ஆண்ட்ராய்டு போனில் ஒரே வாட்ஸ்அப்புக்குள் இரண்டு கணக்கு வைக்கிற வசதி 2023 அக்டோபரிலிருந்தே வந்துவிட்டது. இல்லையென்றால் வீட்டுக்கு சாதா வாட்ஸ்அப், கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் என்று இரண்டையும் போடு. நெட்டில் கிடைக்கிற போலி வாட்ஸ்அப் ஆப்களை இறக்காதே. அதில் நிறம் மாறும், படம் மாறும், கூடவே உன் செய்தியெல்லாம் எங்கே போகிறது என்று ஆண்டாளுக்கே வெளிச்சம்.

11. கடையில் லேண்ட்லைன் இருக்கிறதா? இது பலருக்குத் தெரியாத விஷயம். வாட்ஸ்அப் பிசினஸில் லேண்ட்லைன் நம்பரையும் பதியலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 04563. முன்னால் இருக்கிற பூஜ்யத்தை விட்டுவிட்டு 4563-லிருந்து போடு. எஸ்எம்எஸ் வராது, அதனால் “அழைப்பு மூலம் பெறு” என்பதைத் தொடு. கடை போன் மணி அடிக்கும், எடுத்தால் ஆறு எண் சொல்லும். பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு தொடு, சொல்லச் சொல்ல எழுதிவிடலாம். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவளுக்கு என் வாக்கு இரண்டாவது சிம்தான்.

12. இன்ஸ்டாகிராமுக்கு நம்பரே வேண்டாம். மெயில் ஐடி கொடுத்தே தொடங்கலாம். கடைக்கென்று ஒரு தனி மெயில் தொடங்கி, அதையே இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் எல்லாவற்றுக்கும் கொடு. டெலிகிராமில் உன் நம்பரை யாருக்கும் காட்டாமல் மறைக்கிற வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. நம்பருக்குப் பதில் யூசர்நேம் கொடுத்துவிடு.

13. முக்கியமான கணக்கை எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பி விடாதே. கூகுள் ஆதென்டிகேட்டர் மாதிரி ஓர் ஆப் போட்டால் 30 நொடிக்கு ஒரு புது எண் போனுக்குள்ளேயே உருவாகும். டவர் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஜிமெயிலில் பேக்கப் கோடு என்று பத்து எண்கள் கொடுப்பார்கள். அதை எழுதிப் பீரோவில் பத்திரக் கட்டோடு வை. போனிலேயே போட்டோ எடுத்து வைக்காதே. போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து தொலையும்.

மலையடிவாரத்தில் ஓடிபி வராவிட்டால்

பிளவக்கல்லின் பெரியாறு அணை, கோவிலாறு அணை பக்கம் தோப்பு வீடுகளில் இருக்கிறவர்களுக்காகவே இதைத் தனியாகச் சொல்கிறேன். மலை மறைக்கிற இடத்தில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஓடிபி செல்லுபடியாகிற நேரமோ சில நிமிடம்தான்.

14. வைஃபை காலிங் போட்டு வை. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இதுதான் மருந்து. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய வசதி. போன் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் “வைஃபை காலிங்” என்பதைத் திறந்துவிடு. டவர் இல்லாவிட்டாலும் வைஃபை வழியாகப் பேசலாம், பெரும்பாலான போன்களில் எஸ்எம்எஸ்ஸும் வந்துவிடும். தனிக் கட்டணம் இல்லை. இதைத் திறக்காமலே வருஷக் கணக்கில் மொட்டை மாடிக்கு ஓடுகிறவர்கள் எத்தனை பேர்!

15. திரும்பத் திரும்பத் தட்டாதே. “மறுபடி அனுப்பு” என்று ஐந்து தடவை அழுத்தினால் ஐந்தும் தாமதமாக வரும். கடைசியாக வந்தது மட்டும்தான் செல்லும். நீ முதலில் வந்ததைப் போட்டுவிட்டு “தப்பு என்கிறதே” என்று புலம்புவாய். அதற்குள் கணக்கே பூட்டிக்கொள்ளும். ஏரோபிளேன் மோடைப் போட்டு எடு. மெசேஜ் ஆப்பில் ஸ்பேம் பகுதியைத் திறந்து பார். பிறகு ஒரே ஒரு தடவை அனுப்பச் சொல். விளம்பரத்தைத் தடுக்கப் போட்ட டிஎன்டி ஓடிபியைத் தடுக்காது, அதன் மேல் பழி போடாதே.

16. சிம் மாற்றிய முதல் நாள் பொறுமையாக இரு. சிம் தொலைந்து அதே நம்பரில் புதுச் சிம் வாங்கினால், முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. திருடன் உன் நம்பரில் சிம் வாங்கி உடனே பணத்தைச் சுருட்டிவிடக் கூடாது என்று அரசாங்கமே வைத்திருக்கிற தடை அது. “ஓடிபி வரலையே” என்று பதறி அன்றைக்குப் பார்த்து இன்டர்நெட் நம்பர் தேடாதே. அதேபோல, சிம் மாற்றிய 7 நாளுக்குள் வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றவும் முடியாது. இது 2024 ஜூலை 1 முதல் உள்ள விதி.

வெளிநாட்டில் அண்ணன், வீட்டில் அவர் சிம்

17. கல்ஃப், சிங்கப்பூர் போகிறவர்கள் நம் ஊர் சிம்மைச் சாகவிடக் கூடாது. ரீசார்ஜ் முடிந்தால் வெளியே போகிற கால் மட்டுமல்ல, சில நாளில் உள்ளே வருகிற எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும். தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் நம்பரையே எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் 90 நாள் கழித்து வேறு யாருக்கும் அதைக் கொடுக்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே டிராய் சொன்ன கணக்கு இது. அண்ணன் பேங்க் ஓடிபி சேலத்தில் ஒரு பெரியவருக்குப் போனால் யார் பொறுப்பு?

    கிளம்புவதற்கு முன்பே நாள் அதிகமுள்ள பேக் போட்டு, ரோமிங்கைத் திறந்துகொண்டு போகச் சொல். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருந்தால் அந்த நாட்டு மொபைல் நம்பரிலேயே யுபிஐ போட 2023 ஜனவரியில் சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார், சவுதி உட்பட 10 நாடுகளுக்கு வழி திறந்தார்கள். பேங்கில் கேட்கச் சொல். அதை விட்டுவிட்டு அவர் சிம்மை நீ போட்டுக்கொண்டு, வாட்ஸ்அப்பில் ஓடிபியை அனுப்பிக்கொண்டே இருப்பது நல்ல பழக்கம் இல்லை.

18. பழைய நம்பரை விடுகிறாயா? முதலில் எல்லா இடத்திலும் மாற்று. வரிசை இதுதான்: பேங்க், ஆதார், மெயில், கேஸ், இன்ஷூரன்ஸ், பிள்ளை பள்ளிக்கூடம், வாட்ஸ்அப். வாட்ஸ்அப்பில் “எண்ணை மாற்று” என்றே ஒரு வசதி இருக்கிறது. பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே இதை முடிக்கணும். சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்புறம் அழுதால் ஒன்றும் நடக்காது.

ஓடிபி கொடுத்தால் காசு என்று வருகிறவர்கள்

19. “உங்க நம்பருக்கு வர்ற கோடை அனுப்பினா காசு” என்றால் பிளாக் பண்ணு. பகுதி நேர வேலை என்று டெலிகிராமில் வருகிறது பார், அது இதுதான். மேலே சொன்ன வாடகை நம்பர் வியாபாரத்துக்கு உன் நம்பரைச் சரக்காக்குகிறார்கள். உன் நம்பரில் கணக்குத் தொடங்கி அவன் எங்கேயோ யாரையோ ஏமாற்றுவான். போலீஸ் விசாரணை தொடங்கினால் சிம் யார் பெயரில் இருக்கிறதோ அங்கேதான் வரும். காலேஜ் போகிற தம்பி தங்கச்சியை உட்கார வைத்து இதைச் சொல். பத்து ஐம்பதுக்கு ஆசைப்பட்டு வேலைக்குப் போகிற வயசில் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம்.

20. “நீங்க உண்மையான ஆளான்னு பாக்கணும், ஒரு கோடு வரும், சொல்லுங்க” என்றால் சொல்லாதே. அமெரிக்காவில் பழைய சாமான் விற்கிற நம் ஆட்களிடம் இப்படிக் கேட்டுவிட்டு, அவர்கள் நம்பரை வைத்துக் கூகுள் வாய்ஸ் கணக்கு தொடங்கி மோசடிக்குப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அதுவே “தப்பா உங்க நம்பருக்கு வந்துருச்சு அக்கா, அனுப்புங்க” என்று வரும். தப்பாக வந்த கோடு என்று யார் சொன்னாலும் நம்பாதே. உன் நம்பருக்கு வந்தால் அது உன் கணக்கின் கோடாகவோ, உன் நம்பரில் யாரோ தொடங்கப் பார்க்கிற கணக்கின் கோடாகவோதான் இருக்கும்.

21. யாரோ சொன்னார்கள் என்று *401 என்று தொடங்கும் எண்ணை அழுத்தாதே. அது உன் கால்களை வேறு நம்பருக்குத் திருப்பிவிடுகிற குறி. ஓடிபியைக் கால் மூலம் வாங்குகிற வசதி இருக்கிறது என்று சொன்னேனே, அதைத் திருடத்தான் இந்த வேலை. 2024 ஏப்ரலிலிருந்து இந்த வழியை நிறுத்தச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. ஆனாலும் கூரியர் பேரைச் சொல்லி யார் எந்த எண்ணை அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதே.

22. செய்தி யாரிடமிருந்து வந்தது என்று பார். பேங்க், அரசாங்கம் அனுப்புகிற எஸ்எம்எஸ் பத்து இலக்க நம்பரிலிருந்து வராது. எழுத்துகளாலான பெயரில் வரும். 2025 மே முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்ந்து வருகிறது. டி என்றால் பணப் பரிவர்த்தனை, எஸ் என்றால் சேவை, ஜி என்றால் அரசாங்கம், பி என்றால் விளம்பரம். பேங்க் பேரைச் சொல்லிச் சாதாரண மொபைல் நம்பரிலிருந்து லிங்க் வந்தால் தொடாமலே அழி.

ஏற்கெனவே போட்டுவிட்டாயா?

திட்ட மாட்டேன். ஆனால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதே.

23. கணக்கு இன்னும் உன் கையில் இருக்கும்போதே உள்ளே போய் நம்பரைச் சொந்த நம்பராக மாற்று. மாற்றுகிறபோது பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பும் என்றால், மெயில் வழியாக உறுதி செய்கிற வாய்ப்பைத் தேர்ந்தெடு.

24. பாஸ்வேர்டை மாற்று. பிறகு “எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு” என்பதைத் தட்டு. வாட்ஸ்அப்பில் “இணைக்கப்பட்ட சாதனங்கள்” பகுதியில் உனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து நீக்கு.

25. வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இப்போதே போடு. செட்டிங்ஸ், அக்கவுண்ட், அதற்குள் இருக்கிறது. ஆறு இலக்கப் பின் கேட்கும். மெயில் ஐடியும் கொடுத்துவிடு. இதைப் போட்டால் ஓடிபி யார் கையில் சிக்கினாலும் பின் இல்லாமல் உடனே உள்ளே வர முடியாது. பிறந்த தேதியைப் பின்னாக வைக்காதே, அதுதான் ஃபேஸ்புக்கில் ஊருக்கே தெரியுமே.

26. கணக்கே போய்விட்டால், வாடிக்கையாளர்களுக்கு உடனே தெரிவி. “அந்த நம்பரிலிருந்து காசு கேட்டால் கொடுக்காதீர்கள்” என்று ஸ்டேட்டஸ் வை, கடை வாசலிலும் எழுதி ஒட்டு. அடுத்தவர் காசு போகாமல் காப்பாற்றுவது உன் பொறுப்பு.

27. பணம் போயிருந்தால் அழுதுகொண்டே உட்காராதே. உடனே 1930-க்குப் போன் போடு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதி. அப்படியே பேங்குக்கும் சொல். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நீயே ஓடிபியைக் கொடுத்து நடந்த நஷ்டம் நீ பேங்குக்குச் சொல்கிற நேரம் வரைக்கும் உன் தலையில். சொன்ன பிறகு நடப்பது பேங்க் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசுதான். “வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவாரே” என்று மறைத்து நேரத்தைக் கடத்தாதே. திட்டினால் வாங்கிக்கொள், பணத்தைக் காப்பாற்று.

இன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும்

- சஞ்சார் சாத்தி தளத்தைத் திற. மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கியது. உன் நம்பரையும் அதற்கு வருகிற ஓடிபியையும் போட்டால் உன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும். ஓர் ஆள் பெயரில் அதிகபட்சம் 9 சிம்தான் இருக்கலாம். நீ வாங்காதது இருந்தால் “இது என் எண் இல்லை” என்று அங்கேயே தட்டிவிடு.
- வைஃபை காலிங்கைத் திறந்து வை.
- வாட்ஸ்அப் பின் போடு. அம்மா போனிலும் மாமியார் போனிலும் நீயே போட்டுக் கொடு, பின்னை எழுதி அவர்களிடமே கொடு.
- அப்பா, மாமனார் பேங்கில் எந்த நம்பர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள். பல வீட்டில் அது என்றைக்கோ விட்டுப்போன நம்பராக இருக்கும். நாளைக்குக் காலையில் பாஸ்புக்கோடு அழைத்துப் போய் மாற்று.

உன் நம்பரை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம் என்று நீ நினைப்பது சரியான நினைப்பு. அதை நான் எப்போதும் ஆதரிப்பேன். அதற்கு வழி, உன் பெயரில், உன் போனில், நீ நினைத்தால் அணைக்கிற இன்னொரு சிம். அது உனக்கு மறைவும் கொடுக்கும், கணக்கையும் உன்னிடமே வைத்திருக்கும். உன் உழைப்பில் வளர்ந்த கடை, தாயி. அதற்கு வருகிற ஓடிபி உன் கையைத் தவிர வேறு எங்கேயும் போகக் கூடாது.